வானில் ஓரிடம்

நுழையும்முன்

மலைகளையும் கடல்களையும் கடந்து ஒரு செய்தி மறுகரை சேர, முற்காலத்தில் பல திங்கள்கள் ஆயின. இன்று அதே செய்தி கால் நொடியில் விண்வெளி சென்று மீள்கிறது. இவ்வியப்பை நிகழ்த்துபவை புவிநிலைச் செயற்கைக்கோள்கள். அவை வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றுவது எவ்வாறு? அவ்விடத்தை இந்தியா எட்டியது எப்படி? அம்முயற்சியில் தென்தமிழகத்தின் பங்கு யாது? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடப்பகுதி.

திரும்பாத கிண்ணங்கள்

தென்காசியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் பாவூர்சத்திரம். கேரளத்திற்குக் காய்கறிகளை அனுப்பும் தினசரிச் சந்தையும், சுற்றுவட்டாரத்தில் சுழலும் காற்றாலைகளும் அவ்வூருக்கு அடையாளங்கள். அங்குள்ள வீட்டுக் கூரைகளை உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒரே தொலைக்காட்சிச் சேவையைப் பெறும் வீடுகளில், மக்கள் 'டிஷ்' என்றழைக்கும் கிண்ண வடிவ அலைவாங்கிகள் அனைத்தும் ஒரே திசையை நோக்கியே பொருத்தப்பட்டிருக்கும்.

சான்றாக, தூர்தர்சனின் கட்டணமில்லாச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ், ஜிசாட் - 15 என்னும் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. அச்செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு நேர் மேலே, நிலநடுக்கோட்டின்மீது உள்ளது. பாவூர்சத்திரத்திலிருந்து நோக்கினால், கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட திசையில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் அது இருக்கும். அதே செயற்கைக்கோள் தில்லியில் இருப்போர்க்கு ஏறத்தாழ 52 பாகை உயரத்திலேயே தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழ்வோர்க்கு இச்செயற்கைக்கோள்கள் உச்சிக்கு அருகிலும், தொலைவில் வாழ்வோர்க்கு அடிவானத்தை ஒட்டியும் அமைகின்றன.

ஞாயிறு நகர்கிறது, திங்கள் நகர்கிறது, விண்மீன்கள் எழுந்து மறைகின்றன. கிண்ணமோ பொருத்திய நாள்தொட்டுத் திரும்புவதேயில்லை. அது நோக்கும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 3 கி.மீ. விரைவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் வியப்பு.

ஒரு நாளுக்கு உரிய தொலைவு

ஓடும் பொருள் எவ்வாறு நிற்பதாகத் தோன்றும்? திருவிழாவில் குடை இராட்டினம் ஏறியோர்க்கு இது எளிதில் விளங்கும். உள்வட்டத்துக் குதிரையில் அமர்ந்திருப்பவருக்கு, அவருக்கு நேராக வெளிவட்டத்தில் அமர்ந்திருப்பவர் எப்போதும் அதே இடத்தில் இருப்பதாகவே தோன்றும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதே காரணம். வெளிவட்டத்தில் இருப்பவர் மிகுதியான தொலைவைக் கடக்க வேண்டியிருப்பதால் அவர் விரைவு மட்டுமே கூடுதல்.

இனி, செயற்கைக்கோளின் உயரத்தை யார் முடிவு செய்கிறார் எனக் காண்போம். புவிக்கு மேலே ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம், புவியைச் சுற்றிவர ஏறத்தாழ 90 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவிலுள்ள திங்களுக்கு ஒரு சுற்றுக்கு 27 நாள்களுக்கு மேல் ஆகிறது. அருகில் இருப்பது விரைந்து சுற்றுகிறது. தொலைவில் இருப்பது மெல்லச் சுற்றுகிறது. அவ்வாறாயின், இவ்விரண்டுக்கும் இடையே சரியாக ஒரு நாளில் சுற்றி முடிக்கும் தொலைவு ஒன்று இருந்தாக வேண்டுமன்றோ? அத்தொலைவு நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. இதனை மனிதர் தேர்ந்தெடுக்கவில்லை. புவியின் ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து குறித்துவைத்த இடம் அது.

உயரம் மட்டும் போதாது. செயற்கைக்கோளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேயும் அமைதல் வேண்டும். பாதை சாய்ந்திருந்தால் செயற்கைக்கோள் நாள்தோறும் வடக்கிலும் தெற்கிலுமாக ஊசலாடும். தரையிலுள்ள கிண்ணமும் அதனைப் பின்தொடர்ந்து அசைய நேரிடும். ஆகவே, உலக நாடுகள் அனைத்தின் புவிநிலைச் செயற்கைக்கோள்களும் ஒரே ஒரு வளையத்தில்தான் இடம்பெற முடியும். இவ்வுண்மையின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

கிளார்க்கின் கட்டுரையும் அமெரிக்க வானமும்

இவ்வளையத்தின் பயனை உலகறியச் செய்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1945ஆம் ஆண்டு அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் அவர் எழுதிய கட்டுரை, இத்தொலைவில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் துருவப் பகுதிகள் நீங்கலாக உலகு முழுவதற்கும் ஒலிபரப்ப முடியும் என்று விளக்கியது. அப்போது செயற்கைக்கோள் ஒன்றுகூட ஏவப்பட்டிருக்கவில்லை. பின்னாளில் கிளார்க் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

கட்டுரை வெளியாகி இருபதாண்டுகள் நிறைவதற்குள் கருத்து வணிகமாயிற்று. 1965 ஏப்ரல் 6 அன்று ஏவப்பட்ட 'ஏர்லி பேர்டு' என்னும் இன்டெல்சாட் - 1, உலகின் முதல் வணிகப் புவிநிலைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளாகும். வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைத்த அதனால், ஒரே நேரத்தில் 240 தொலைபேசி இணைப்புகளையோ ஒரு தொலைக்காட்சி அலைவரிசையையோ தாங்க முடிந்தது. 1972இல் கனடாவுக்காக ஏவப்பட்ட அனிக் - ஏ1, ஒரு நாட்டின் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கென்றே புவிநிலையில் நிறுத்தப்பட்ட முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். பனிசூழ்ந்த வடபுலத்துச் சிற்றூர்களுக்குக் கம்பி இழுத்துச் செல்ல இயலாத நாட்டுக்கு அது பேருதவியாயிற்று. 'அனிக்' என்னும் இனுயிட் மொழிச் சொல்லுக்கு உடன்பிறந்தான் என்பது பொருள். 1974இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வெஸ்டார் - 1 விண்ணேறியது.

செல்வ நாடுகளுக்கு இச்செயற்கைக்கோள்கள் வணிகக் கருவிகளாக விளங்கின. பள்ளிகளும் மருத்துவர்களும் போதாத பல்லாயிரம் சிற்றூர்களைக் கொண்ட இந்தியாவுக்கு இவை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அத்தகைய நாட்டுக்குத்தான் இவை மிகத் தேவை என்று விடை கூறினார் விக்ரம் சாராபாய். ஊர்தோறும் கம்பி வடம் பதிக்கப் பல்லாண்டுகள் ஆகும். வானிலிருந்து வரும் அலைக்கோ தலைநகரும் குக்கிராமமும் ஒன்றே.

ஓராண்டு இரவல்

1969இல் இந்திய அரசும் அமெரிக்காவின் நாசா நிறுவனமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி, அமெரிக்கப் பகுதியின் மேலே நிலைகொண்டிருந்த ஏடிஎஸ் - 6 என்னும் செயற்கைக்கோள், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தி நிறுத்தப்பட்டது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, இந்தியாவின் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் அதன் வழியே நேரடியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பெற்றன. வேளாண்மை, உடல்நலம், கல்வி முதலியவை அவற்றின் பொருள்கள். 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டத்தின்போது, கொழும்பிலிருந்த கிளார்க்கின் இல்லத்திலும் இந்தியப் பொறியாளர்கள் அலைவாங்கி ஒன்றை நிறுவினர். வழியைச் சொன்னவர் வீட்டிலேயே அதன் பயனைக் காட்டிய செயல் அது.

ஓராண்டு முடிந்ததும் ஏடிஎஸ் - 6 அமெரிக்க வானுக்குத் திரும்பியது. ஊர்ப் பொதுவிடங்களில் ஒளிர்ந்த திரைகளில் செயற்கைக்கோள் வழி வந்த காட்சிகள் நின்றன. இரவல் விளக்கில் எத்தனை நாள் படிக்க முடியும்? நமக்கென ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்ற எண்ணம் இதனால் உறுதிப்பட்டது.

மாட்டுவண்டியில் ஆப்பிள்

இந்தியா உருவாக்கிய முதல் புவிநிலைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஆப்பிள். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய இரா. மா. வாசகம் அதன் திட்ட இயக்குநர். அலைவாங்கிச் சோதனையின்போது உலோக ஊர்தியால் இடையூறு நேரலாகாது என்பதற்காக, ஆப்பிளை மரத்தாலான மாட்டுவண்டியின்மேல் வைத்துச் சோதித்தனர். அக்காட்சியைப் பதிவுசெய்த ஒளிப்படம் உலகப் புகழ் பெற்றது. வறுமையின் அடையாளமாகச் சிலர் அதனைக் கண்டனர். உண்மையில், தேவைக்கேற்ற கருவியைத் தேர்ந்த அறிவின் அடையாளம் அது.

1981 ஜூன் 19 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூவிலிருந்து ஏரியன் ஏவூர்தி ஆப்பிளைச் சுமந்து சென்றது. உரிய பாதையில் அதனை நிலைநிறுத்த, இந்தியாவின் எஸ்எல்வி - 3 ஏவூர்தியின் நான்காம் கட்டத்திலிருந்து உருவான இயந்திரம் பயன்பட்டது. ஆப்பிளின் சூரியத் தகடுகளுள் ஒன்று விரியவில்லை. ஆயினும், இருபத்தேழு மாதங்கள் அது பணியாற்றியது.

அடுத்து, வெளிநாட்டில் கட்டப்பட்ட இன்சாட் - 1ஏ 1982 ஏப்ரலில் ஏவப்பட்டது. நிலைப்பாட்டைத் திருத்தும் எரிபொருள் தீர்ந்துபோனதால் அதே ஆண்டு செப்டம்பரில் அது செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற இன்சாட் - 1பி வெற்றி பெற்றது. தொலைக்காட்சி, தொலைபேசி, வானிலை ஆய்வு ஆகியவற்றை அதன்வழி நாடு முழுதும் பெற்றது. 1992 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட் - 2ஏ, அவ்வரிசையில் இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் செயற்கைக்கோள். கட்டும் திறன் கைவந்தது. ஏவும் திறனுக்கு இன்னும் கூரூவையே நாட வேண்டியிருந்தது.

மகேந்திரகிரியின் நெருப்பு

எடைமிக்க செயற்கைக்கோளை 35,786 கி.மீ. உயரத்துப் பாதை நோக்கி அனுப்ப, கிரையோஜெனிக் எனப்படும் கடுங்குளிர் இயந்திரம் தேவை. கழிவு 253 பாகை செல்சியசில் நீர்மமாகும் ஹைட்ரஜனையும், கழிவு 183 பாகையில் நீர்மமாகும் ஆக்சிஜனையும் எரிப்பது அது. ஒரே எடையுள்ள பிற எரிபொருள்களைக் காட்டிலும் இவை மிகுந்த உந்துவிசையை அளிக்கும். ஆயின், ஒருபுறம் கடுங்குளிரும் மறுபுறம் கடுவெப்பமும் சில அடி இடைவெளியில் நிலவும் அவ்வியந்திரத்தைச் செய்வது எளிதன்று.

இத்தொழில்நுட்பத்தை வழங்க 1991இல் உருசிய நிறுவனத்தோடு இந்தியா உடன்பாடு செய்தது. அமெரிக்காவின் எதிர்ப்பால் 1993இல் அது மாறியது. செய்து முடித்த இயந்திரங்கள் கிடைத்தன. செய்யும் அறிவு கிடைக்கவில்லை. எனவே, இந்தியா தானே முயன்றது. அம்முயற்சிக்குக் களமாயிற்று மகேந்திரகிரி. குற்றால அருவிகளுக்குத் தாயான மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், திருநெல்வேலி மாவட்டத்தில் அமைந்துள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் இவ்வியந்திரங்கள் எரியூட்டிச் சோதிக்கப்படுகின்றன.

2010ஆம் ஆண்டு சோதனைமேல் சோதனையாக அமைந்தது. ஏப்ரல் 15 அன்று இந்தியக் கடுங்குளிர் இயந்திரத்தோடு சென்ற முதல் ஜிஎஸ்எல்வி, எரிபொருளைச் செலுத்தும் பொறி நின்றதால் ஜிசாட் - 4ஐக் கடலில் இழந்தது. ஜூலை 7 அன்று இன்சாட் - 4பி செயற்கைக்கோளில் மின்வழங்கலில் பழுது ஏற்பட, அதன் அலைமாற்றுக் கருவிகளுள் பாதியை நிறுத்த நேர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டைரக்ட் சேவை அதனையே நம்பியிருந்ததால், தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் அலைவரிசைகள் மறைந்தன. மலேசியாவின் மீசாட் - 3 செயற்கைக்கோளுக்கு அச்சேவை மாறியது. பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் வானில் இரண்டு பாகையே வேறுபாடு. அவ்விரண்டு பாகைக்காகக் கூரைக் கிண்ணங்களைத் திருப்ப வேண்டியதாயிற்று. டிசம்பர் 25 அன்று மற்றொரு ஜிஎஸ்எல்வியும் ஜிசாட் - 5பி உடன் அழிந்தது.

பிழைகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. விண்ணின் வெற்றிடத்தைப் போன்ற சூழலை மகேந்திரகிரியில் உருவாக்கி, அதில் இயந்திரம் பற்றுகிறதா எனச் சோதித்தனர். 2013 ஆகஸ்டு 19 அன்று ஜிஎஸ்எல்வி - டி5 புறப்படுவதற்கு 74 நிமிடங்களே இருந்தபோது, இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரியவந்தது. பயணம் நிறுத்தப்பட்டது. விரைவைவிடச் சரிமை பெரிது என்ற தெளிவு அங்கே வென்றது. 2014 ஜனவரி 5 அன்று அதே ஏவூர்தி, 1,982 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட் - 14ஐ உரிய பாதையில் சேர்த்தது. அத்திட்டத்தை வழிநடத்திய கை. சிவன் குமரி மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இஸ்ரோவின் தலைவரானவர்.

தெரிந்து தெளிவோம்

பாவூர்சத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஊர் செங்கோட்டை. அவ்வூரில் பிறந்த நிகர் ஷாஜி, 2023 செப்டம்பர் 2 அன்று ஞாயிற்றை ஆராய ஏவப்பட்ட ஆதித்யா - எல்1 திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

மழையும் நிழலும்

ஒருமுறை நிறுத்திவிட்டால் செயற்கைக்கோள் என்றும் அங்கேயே நிற்கும் என எண்ணுதல் தவறு. ஞாயிறும் திங்களும் அதனை ஓயாது ஈர்த்து அதன் பாதையைச் சாய்க்கின்றன. அவ்வப்போது சிறு உந்திகளை இயக்கி அதனைத் திருத்த வேண்டும். அதற்கான எரிபொருள் தீர்வதே பெரும்பாலும் செயற்கைக்கோளின் வாழ்நாள் எல்லை. அது பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள். இறுதிச் சிறிது எரிபொருளைக் கொண்டு அதனைச் சில நூறு கி.மீ. மேலே உயர்த்தி, அடுத்து வருவதற்கு இடம் விடுவர்.

சம இரவு நாள்களை ஒட்டிய வாரங்களில் புவியின் நிழல் நாள்தோறும் செயற்கைக்கோள்மீது விழுகிறது. மிகுதியாக 72 நிமிடங்கள் வரை சூரிய ஒளியின்றி மின்கலத்தால் அது இயங்குகிறது. அதே பருவத்தில் வேறொன்றும் நிகழ்கிறது. கிண்ணம் நோக்கும் நேர்கோட்டில் செயற்கைக்கோளுக்குப் பின்னால் ஞாயிறு வந்து நிற்க, அதன் இரைச்சலில் மெல்லிய அலை மூழ்கிவிடுகிறது. பாவூர்சத்திரத்தில் ஜிசாட் - 15ஐ நோக்கும் கிண்ணங்களுக்கு மார்ச்சு நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், முற்பகல் 11 மணியையொட்டிச் சில நிமிடங்கள் இது நேரும். நாள்காட்டியைக் குறித்துவைத்து மாணவர்களே இதனை ஆராயலாம்.

மழையும் தடைதான். வீட்டுக் கிண்ணங்கள் பெறும் 'கேயூ' பட்டை அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. பெருமழையின் துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. குற்றாலப் பருவத்தின் மெல்லிய சாரல் படத்தைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஐப்பசியின் அடைமழையும் கோடையின் இடிமழையும் திரையை உறையச் செய்கின்றன. மழை எத்தனை நாள் பெய்தது என்பதைவிட, ஒரு பொழுதில் எவ்வளவு வலுவாகப் பெய்தது என்பதே இங்குக் கணக்கு.

வானம் யாருக்கு உரியது?

ஒரே வளையம், அதில் அருகருகே நின்று ஒரே அலைவெண்ணைப் பயன்படுத்தினால் ஒன்றன் குரல் மற்றொன்றில் கலக்கும். ஆகவே, இடங்களையும் அலைவெண்களையும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒழுங்குபடுத்துகிறது. முந்தி வந்த செல்வ நாடுகளே இடங்களை நிரப்பிவிட்டால் பிந்தி வருவோர் என் செய்வர்? 1976இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் கூடிய கொலம்பியா, எக்குவடோர், பிரேசில், கென்யா, இந்தோனேசியா முதலிய எட்டு நாடுகள், தம் நிலத்துக்கு நேர் மேலுள்ள வளையப் பகுதி தமக்கே உரியது என அறிவித்தன. விண்வெளி எந்நாட்டின் உடைமையும் ஆகாது என்னும் 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டிப் பிற நாடுகள் இதனை ஏற்கவில்லை. ஆயினும், வளங்குன்றிய நாடுகளுக்கும் வானில் இடம் வேண்டும் என்ற அந்நாடுகளின் கவலை பொருளற்றதன்று.

இன்று கடலடிக் கண்ணாடி இழை வடங்களே பெரும்பான்மைத் தகவலைச் சுமக்கின்றன. தாழ்ந்த பாதையில் சுற்றும் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களும் இணையச் சேவை தருகின்றன. தொலைவு குறைவு என்பதால் அவற்றில் காலத்தாழ்வும் குறைவு. எனினும், ஓரிடத்திலிருந்து கோடிக்கணக்கானோர்க்கு ஒரே நேரத்தில் ஒன்றைச் சேர்ப்பதில் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு நிகரில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி வடம் திறக்கப்படும்வரை, அத்தீவுகள் வெளியுலகோடு பேசச் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தன. புயலில் கோபுரங்கள் சாய்ந்து வடங்கள் அறுந்தபின்னும் எஞ்சி நிற்கும் வழி இதுவே.

எடைமிக்க செயற்கைக்கோள்களை ஏவுவதில் நம் பயணம் இன்னும் முடியவில்லை. 5,854 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட் - 11, 2018இல் கூரூவிலிருந்தே சென்றது. மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்ட பெரிய கடுங்குளிர் இயந்திரம் கொண்ட எல்விஎம் - 3 ஏவூர்தி, அவ்விடைவெளியைக் குறைத்து வருகிறது. பிறர் வானிலிருந்து ஓராண்டு இரவல் பெற்ற நாடு, தன் செயற்கைக்கோளைத் தன் மண்ணிலிருந்து தன் இயந்திரத்தால் அனுப்பும் நிலையை அரை நூற்றாண்டுக்குள் அடைந்தது. அவ்வாறு வென்ற இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது பொறியியல் வினா மட்டுமன்று. கடைக்கோடி ஊரின் மாணவருக்கும் தலைநகர் மாணவருக்கும் ஒரே பாடம் ஒரே நொடியில் சென்று சேரும்போதுதான், வானில் நாம் பெற்ற ஓரிடம் மண்ணில் பொருள் பெறும்.